ஊர்க் குளத்தைத் திருத்த நினைக்கிறீர்களா? முதலில் வானைப் பாருங்கள்

கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கூடுகிற ஊர்ச்சங்கங்களில், பழைய மாணவர் கூட்டங்களில், வருடத்துக்கு ஒரு தடவையாவது எழும் பேச்சு: "எங்கட ஊர்க் குளத்தைத் திருத்திக் குடுப்பம்." நல்ல எண்ணம். ஆனால் சேர்ந்த காசு பெரும்பாலும் இரண்டு வேலைகளுக்கே போகிறது. ஒன்று, குளத்தை ஆழமாக்குவது. மற்றது, குளக்கட்டை உயர்த்துவது. படம் எடுத்தால் இரண்டும் அழகாகத் தெரியும். ஆனால் ஒரு சிறுகுளத்தைக் காப்பாற்றுவது வான் (மிச்சத் தண்ணீர் வழியும் இடம்), துருசு (வயலுக்குத் தண்ணீர் விடும் கதவு), கட்டின் அடி ஆகிய மூன்றும்தான். இவை சரியாக இருந்தால் பழைய கட்டே இன்னும் பல தலைமுறைக்கு நிற்கும். இவை பிழைத்தால் புதுக்கட்டும் முதல் மாரியிலேயே போய்விடும்.

மண்வேலை தெரியாதவர்களுக்காக, எந்த வேலைக்குப் பின் எது என்ற ஒழுங்கில் இதை எழுதுகிறோம்.

பார்த்துப் பழக ஒரு குளம்

வன்னியிலுள்ள உங்கள் ஊர்க் குளத்துக்குப் போவதற்கு முன், ஒரு ஞாயிறு காலை பத்தரமுல்லைக்கு அருகிலுள்ள தலங்கம குளத்துக்குப் போய் வாருங்கள். 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடம். ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் கட்டு, மறு பக்கம் வயல் என்று ஒரு மண் அணையின் தத்துவம் முழுவதையும் நின்ற இடத்திலேயே பார்க்கலாம்.

கட்டு என்பது தண்ணீரை மறிக்கும் மண்மேடு. துருசு என்பது கட்டுக்கு அடியால் வயலுக்குத் தண்ணீர் விடும் குழாயும் அதன் கதவும். குளம் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்தோடும் இடம் வான். மேலே மழைநீரைச் சேர்த்துத் தருவது நீரேந்து பகுதி. தண்ணீர் பரந்து நிற்கும் ஓரம் அலைகரை. வான் வழியாகப் போகும் தண்ணீர் வீணாகிறது என்று நினைக்க வேண்டாம். உலர் வலயத்தில் குளங்கள் பெரும்பாலும் தொடராகவே அமைந்திருக்கின்றன. உங்கள் வானால் போவதும், உங்கள் வயலிலிருந்து வடிவதும் அடுத்த குளத்துக்கு வருமானம். இந்தக் குளத்தொடர் முறையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

யாருடைய குளம்?

80 ஹெக்டேயர் (ஏறத்தாழ 200 ஏக்கர்) வரை பாய்ச்சும் குளம் சிறுகுளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களுக்கு உரியவை. சட்டம், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். சங்கத்திடம் காசு இருக்கிறது என்பதற்காக யாரும் ஒரு குளக்கட்டில் பெக்கோவை ஏற்ற முடியாது.

ஒழுங்கு இதுதான். முதலில் ஊரிலுள்ள கமக்கார அமைப்போடு கதையுங்கள். அவர்களுடைய கூட்டத்தில் தீர்மானமாக எழுதுவித்து, அந்தக் கடிதத்தோடு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பீடு போடுவார். பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். குளம் காட்டுக்குள் இருந்தால் வன இலாகாவின் அனுமதி வேண்டும். பழைய கல்வேலை தெரிந்தால் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். வடக்கில் கைவிடப்பட்ட குளம் என்றால், மிதிவெடி அகற்றிய சான்று இல்லாமல் ஓர் ஆள்கூட உள்ளே இறங்கக்கூடாது.

கொழும்பில் இருப்பவர்கள் ஊருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அலுவலக வேலை. நாரஹேன்பிட்டியில் நில அளவைத் திணைக்களத்தில் அந்தப் பகுதியின் இடவிளக்கப் படத்தை வாங்கி, நீரேந்து பகுதியைக் கோடு போட்டுப் பாருங்கள். பௌத்தாலோக மாவத்தையில் வளிமண்டலவியல் திணைக்களத்தில் அருகிலுள்ள நிலையத்தின் மழைத் தரவை எடுங்கள். மண் பரிசோதனைக்கு ஜாவத்தை வீதியில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மூன்றும் ஒரே நாளில் முடித்துவிடக்கூடிய தூரத்தில்தான் உள்ளன.

எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் காணும்?

கைக்கணக்கு ஒன்று உண்டு. குளம் நிறைந்து நிற்கும்போது உள்ள நீர்ப்பரப்பை ஏக்கரில் எடுத்து, துருசடியில் உள்ள ஆழத்தை அடியில் பெருக்கி, அதை 0.4ஆல் பெருக்குங்கள். வருவது ஏக்கர் அடி. 50 ஏக்கர் பரப்பு, 10 அடி ஆழம் என்றால் 200 ஏக்கர் அடி. (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி; 1,233 கன மீற்றர்.)

அவ்வளவும் வயலுக்கு வராது. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால், மாதத்துக்கு அரை அடி. நிறைந்த குளத்தில் அது மட்டும் 25 ஏக்கர் அடி. ஊற்றாகப் போவது வேறு. துருசின் வாசல்மட்டத்துக்குக் கீழே நிற்பது வயலுக்கு வரவே வராது. சிறுபோக (கோடைப் போக) நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி என்று வைத்தால், அந்த 200இல் 30 ஏக்கருக்கு மேல் விதைக்கச் சொல்ல மனம் வராது. காலபோகத்தில் (மாரிப் போகத்தில்) மழை கைகொடுப்பதால் பரப்பைக் கூட்டலாம். எவ்வளவு விதைப்பது, எந்தத் திகதியில் முதல் தண்ணீர் விடுவது என்பதையெல்லாம் போகத்துக்கு முந்தைய பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கும். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் கணக்கைக் கொண்டுபோங்கள். தீர்மானத்தை அவர்கள் எடுக்கட்டும்.

வான்: இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்

மண்கட்டின் மேலால் தண்ணீர் வழிந்தால் அது கரைந்துபோகும். கொங்கிறீற் அணை சில மணி நேரம் தாங்கும்; மண் தாங்காது. 1957 டிசம்பர் வெள்ளத்தில் உலர் வலயக் குளங்கள் ஏராளமாக உடைந்தன. ஆகவே மதிப்பீட்டில் முதல் வரி வானாக இருக்கட்டும்.

எவ்வளவு அகலம் வேண்டும்? நீரேந்து பகுதி 150 ஹெக்டேயர், கடும்மழை மணிக்கு 50 மில்லிமீற்றர், அதில் ஓடிவரும் பங்கு 0.4 என்று வைப்போம். மூன்றையும் பெருக்கி 360ஆல் பிரித்தால் விநாடிக்கு 8.3 கன மீற்றர் வரும். வானின் மேல் 60 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் பாய விட்டால், ஒவ்வொரு மீற்றர் நீளமும் விநாடிக்கு ஏறத்தாழ 0.79 கன மீற்றரைக் கடத்தும். ஆக 11 மீற்றர் நீளமான வான் வேண்டும். இது எடுத்துக்காட்டுக் கணக்கு மட்டுமே. உங்கள் குளத்துக்குரிய மழைச்செறிவைப் பொறியியலாளர்தான் தெரிவு செய்ய வேண்டும். காடு வெட்டிய நீரேந்து பகுதியில் 0.4 போதாது. மேலே ஒரு குளம் இருந்தால் அது உடைந்து வரும் வாய்ப்பையும் எண்ண வேண்டும்.

அந்த 60 சென்ரிமீற்றருக்கும் மேலே, கட்டின் தலை இன்னும் 90 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். அதாவது வான்மட்டத்திலிருந்து கட்டின் தலைக்கு ஒன்றரை மீற்றர். இந்த இடைவெளிதான் உயிர். அது எப்படிக் களவு போகிறது என்று பாருங்கள். வானின் பாதியைப் பற்றை மூடிவிட்டால் தண்ணீர் 60க்குப் பதிலாக 95 சென்ரிமீற்றர் எழும்பும். போதாக்குறைக்கு, 'இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடிப்போம்' என்று யாரோ 45 சென்ரிமீற்றருக்கு மண்மூட்டை அடுக்கியிருந்தால் மிஞ்சுவது 10 சென்ரிமீற்றர். இரவில் காற்றடித்தால் அலை அதைத் தாண்டும். மூட்டையையும் பற்றையையும் யாரும் உடைப்புக்குக் காரணமாகச் சொல்வதில்லை. "மழை கூடிப்போச்சு" என்றுதான் சொல்வார்கள்.

வானில் பார்க்க வேண்டியவை: அது கட்டிய மண்ணின்மேல் இல்லாமல், கட்டின் ஓரத்தில் இயற்கையான இறுகிய தரையில் அமைய வேண்டும். கட்டும் வானும் சந்திக்கும் இடத்தில் பக்கச்சுவர் வேண்டும். தண்ணீர் விழும் இடத்தில் தளம் போடாவிட்டால் அரிப்பு அங்கிருந்து பின்னோக்கி ஏறி, வானையே கவிழ்க்கும். வானுக்குக் கீழேயுள்ள ஆறு அல்லது வாய்க்கால் திறந்திருக்கிறதா என்று கடைசிவரை நடந்து பாருங்கள். அதற்குள் வயல் இறங்கியிருந்தால், அதைக் கமக்கார அமைப்பு ஊடாகப் பேசித் தீர்க்காமல் சீமெந்து வாங்காதீர்கள். வான்மட்டத்தை நிரந்தரமாக ஓர் அடி உயர்த்துவது மேலேயுள்ளவர்களின் வயலை மூழ்கடிக்கும் வேலை. அவர்கள் சம்மதமும் திணைக்களத்தின் எழுத்து அனுமதியும் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

கட்டு: மண்ணைத் தெரியாமல் தொடக்கூடாது

மண்வேலைக்கு உரிய காலம் ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை. கொழும்பில் குடையோடு திரியும் மாதங்கள்தான் வன்னியில் குளம் வற்றிக் கிடக்கும் மாதங்கள். செப்டெம்பர் கடைசியில் கட்டு மூடப்பட்டிருக்க வேண்டும். ஒக்டோபரில் வெட்டிய கட்டோடு மழையைச் சந்திப்பதைவிட, அந்த வருடம் வேலையைத் தொடங்காமல் விடுவது மேல்.

முதலில் ஓர் இயந்திர லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து, 50 அடிக்கு ஒரு தடவை கட்டின் தலைமட்டத்தை எடுங்கள். கண்ணுக்கு நேராகத் தெரியும் கட்டில், மாடு ஏறி இறங்கும் பாதையிலோ டிப்பர் போன தடத்திலோ இரண்டு அடி பள்ளம் இருக்கும். வெள்ளத்துக்கு அந்த ஒரு பள்ளம் போதும். மிச்சக் கட்டின் உயரம் எல்லாம் கணக்கிலேயே வராது. பல குளங்களில் தேவைப்படுவது இந்தப் பள்ளங்களை நிரப்புவது மட்டுமே.

மண்ணைப் பார்க்க மூன்று எளிய சோதனைகள் போதும். போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். முதல் நிமிடத்தில் அடியில் படிவது மணல், கடைசியில் மேலே படிவது களி. களி 20 தொடக்கம் 30 வீதம் இருந்தால் நல்லது. மிகக் கூடிய களி வெயிலில் வெடிக்கும். அடுத்தது, நனைத்த மண்ணை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினால் உடையாமல் 3 மில்லிமீற்றர் திரியாக வர வேண்டும். மூன்றாவதைத்தான் அதிகமானோர் விட்டுவிடுகிறார்கள். கடலைப் பருப்பளவு காய்ந்த மண்கட்டி ஒன்றைத் தெளிந்த காய்ச்சி வடித்த தண்ணீருக்குள் அசைக்காமல் இறக்கிப் பத்து நிமிடம் பாருங்கள். கட்டி சரிந்து குவியலாகக் கிடந்தால் பயமில்லை. அதைச் சுற்றிப் பால்போலப் புகை பரவினால், அது தண்ணீரில் தானே கரைந்து மிதந்துபோகும் மண். எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே ஓட்டை விழும். அந்த இடத்து மண்ணை விட்டுவிடுங்கள்.

வெட்டுமுகத்தின் அளவு: தலை அகலம் 10 அடி, தண்ணீர்ப் பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டரை (ஓர் அடி உயரத்துக்கு இரண்டரை அடி அகலம்), வயல் பக்கம் ஒன்றுக்கு இரண்டு. 12 அடி உயரமான கட்டுக்கு அடியகலம் 64 அடி வரும். 100 அடி நீளத்துக்கு 444 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) இறுகிய மண். தளர்ந்த மண்ணாக வாங்கும்போது பாதி கூட்டிக் கேளுங்கள். மண்ணைக் கட்டுக்கு அருகில் வெட்டக்கூடாது. அடியிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி எடுங்கள். இல்லையேல் கட்டின் கீழால் தண்ணீர் போக நீங்களே வழி வெட்டிக் கொடுத்ததாகும்.

புதுக்கட்டானாலும் உடைந்த இடமானாலும், மேல்மண், வேர், புல் எல்லாவற்றையும் குறைந்தது ஓர் அடிக்குச் சுரண்டி அகற்றுங்கள். நடுவில், நீர் புகாத மண் வரும்வரை 8 தொடக்கம் 10 அடி அகலத்தில் அகழி வெட்டி, களிமண்ணால் இறுக்கி நிரப்ப வேண்டும். பழைய கட்டோடு சேர்க்கும்போது, அதன் சரிவைப் படிபடியாக வெட்டிக்கொண்டு புதுமண்ணைப் போடுங்கள். சரிவின்மேல் டிப்பரால் கொட்டி, பெக்கோவின் வாளியால் தட்டிவிட்டால் அது ஒட்டாது. முதல் மழையில் தோல் உரிவதுபோல வழுக்கி இறங்கும்.

மண்ணை 9 அங்குலம் தளர்வாகப் பரப்பி, ஷீப்ஃபுட் ரோலரால் (முட்டுகள் உள்ள உருளை) 6 அங்குலம் ஆகும்வரை ஓட்டுங்கள். எட்டுத் தடவை ஓட வேண்டிவரும். ஈரம் சரியா என்பதை அறிய ஒரு பிடி மண்ணை அமுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது, இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். தூளானால் பவுசரால் தண்ணீர் அடியுங்கள், சேறானால் ஒரு நாள் காயவிடுங்கள். கோடையில் தண்ணீர் இல்லாமல் புழுதியை உருட்டிய கட்டு, பார்க்க இறுகியிருக்கும். குளம் நிறையும்போது தொய்ந்து போகும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மண் இறங்கும் என்பதால், உயரத்தில் 5 தொடக்கம் 10 வீதம் கூட்டிக் கட்டுங்கள்.

தண்ணீர்ப் பக்கத்தில், கீழே கிரவல் படுக்கை போட்டு அதன்மேல் கருங்கல் அடுக்குங்கள். கிரவல் இல்லாமல் வெறும் மண்மேல் அடுக்கிய கல்லுக்கு அடியிலிருந்து அலை மண்ணை உறிஞ்சிவிடும். வயல் பக்கம் அறுகு போதும். கட்டில் மரம் வேண்டாம். ஆனால் ஏற்கெனவே பெருத்து நிற்கும் மரத்தைத் தரையோடு வெட்டிவிட்டுப் போகாதீர்கள். வேர் உக்கினால் அது குழாய். வெட்டினால் வேரையும் தோண்டி, அந்தக் குழியை 4 அங்குலப் படையாக இறுக்கி மூட வேண்டும். கறையான் புற்று, உடும்பு வளை, முள்ளம்பன்றிக் குழி எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். அலைகரையில் நிற்கும் மருதமரங்களுக்கு இது பொருந்தாது. அவை கரையைப் பிடித்து நிற்பவை, அவற்றில் கை வைக்க வேண்டாம்.

துருசு

வான் காரணமாக உடையாத கட்டுகள் பெரும்பாலும் துருசடியில்தான் உடைகின்றன. காரணம் எளியது. குழாயின் வளைந்த அடிப்பக்கத்தில் மண்ணை இறுக்குவது கஷ்டம். அங்கே விடுபட்ட இடைவெளி வழியே தண்ணீர் குழாயின் வெளிப்புறமாக ஊர்ந்து மண்ணைக் கொண்டுபோகும்.

ஹியூம் குழாயை (கொங்கிறீற் குழாய்) கொங்கிறீற் படுக்கையில் இருத்துங்கள். மூட்டுகளைக் கொங்கிறீற்றால் மூடுங்கள். இடையிடையே நீர்மறிப்பு வளையங்களையும் வார்த்துவிடுங்கள். சுற்றிவர 4 அங்குலப் படையாகக் கை இடிகட்டையால் இடியுங்கள். குழாயின் மேல் இரண்டு அடி மண் ஏறும்வரை ரோலரோ டோசரோ அருகில் வரக்கூடாது. கட்டை வெட்டித் திறக்கும்போது செங்குத்தாக வெட்டாமல், ஒன்றுக்கு ஒன்றாவது சரித்து வெட்டுங்கள். செங்குத்துச் சுவரோடு புதுமண் சேராது, இடையில் வெடிப்பு விழும். குழாயின் வாசல்மட்டத்தை விருப்பப்படி இறக்காதீர்கள். இறக்கினால் மீனுக்கும் மாட்டுக்கும் கிணற்றூற்றுக்கும் கோடையில் மிஞ்சும் தண்ணீர் போய்விடும்.

ஆழமாக்குவது பற்றி

5 ஏக்கரை 3 அடி வெட்டினால் கிடைப்பது 15 ஏக்கர் அடி. அதற்கு 6,500 கியூபுக்கு மேல் மண் அள்ள வேண்டும். 2 கியூப் டிப்பரில் 3,000க்கு மேற்பட்ட லோட். வெட்டிய இடம் துருசின் வாசல்மட்டத்துக்குக் கீழே என்றால், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் வாய்க்காலுக்கு வராது. படிந்த வண்டலைத் தாண்டி அடியிலுள்ள களிப்படையையும் வெட்டிவிட்டால், குளம் முன்னரைவிட வேகமாக வற்றும். மண்ணை வெளியே ஏற்றிப் போவதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி தேவை. "இலவசமாக ஆழமாக்கித் தருகிறோம், மண்ணை எங்களுக்குத் தாருங்கள்" என்று வருபவருக்குத் தேவை மண்தான், குளம் அல்ல. அந்தக் காசில் பாதியை நீரேந்து பகுதியில் வண்டல் மறிக்கும் புல்வரிசைக்கும் சிறு மடுக்களுக்கும் போட்டால் பலன் அதிகம்.

முதல் மாரி

புது வேலை முடிந்த குளத்தை முதல் வருடம் துருசைத் திறந்து வைத்து மெதுவாக நிறைய விடுங்கள். பாதியில் ஒரு வாரமாவது நிறுத்திப் பாருங்கள். அந்த நாட்களில் காலையும் மாலையும் ஒருவர் கட்டின் வயல்பக்க அடியால் நடக்க வேண்டும். கட்டின் தலையால் நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரம் எங்கே, எத்தனை அடி நீளம், தண்ணீர் ஊறுகிறதா ஓடுகிறதா என்பதைத் திகதியோடு கொப்பியில் எழுதட்டும்.

ஊறும் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்து, அளவும் கூடாவிட்டால் அது சாதாரண ஊற்று, கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் கட்டுக்குள் மண் அரிபடுகிறது. அப்போது பலர் செய்வது, வெளியே வரும் வாயைக் களிமண்ணால் அடைப்பது. அது மிக ஆபத்தானது. உள்ளே அமுக்கம் கூடி வேறு இடத்தால் பீறும். செய்ய வேண்டியது: அந்த இடத்தின்மேல் ஆற்றுமணல் அரை அடி, அதன்மேல் முக்கால் அங்குலச் சல்லி அரை அடி, அதன்மேல் பெரிய கல். தண்ணீர் வெளியேறலாம், மண் வெளியேறாது. பீறிட்டு வந்தால், சுற்றி மண்மூட்டையால் வளையம் கட்டித் தண்ணீரை அதற்குள் உயர விடுங்கள். எதிர் அமுக்கம் அரிப்பைத் தணிக்கும். அதே நேரத்தில் துருசை முழுவதும் திறந்து, வானிலுள்ள தடைகளை அகற்றி, நீர்மட்டத்தைக் குறைக்கத் தொடங்குங்கள்.

1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் கட்டு உடைந்தபோது நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அது பெருங்குளம். சிறுகுளமும் கீழேயுள்ள நாலைந்து வீடுகளைக் கொண்டுபோகப் போதுமான தண்ணீரைத்தான் வைத்திருக்கிறது. அதற்குக் கீழேயுள்ள குளத்தையும் சேர்த்து உடைக்கவும் கூடும். ஆகவே கலங்கல் தண்ணீர் கூடிக்கொண்டே போனாலோ, கட்டின் தலை திடீரென இறங்கினாலோ, நீர்ப்பக்கம் சுழி தெரிந்தாலோ, முதலில் கீழேயுள்ள வீடுகளையும் அடுத்த குளத்துக் கமக்கார அமைப்பையும் எழுப்புங்கள். பிறகு கிராம அலுவலருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் எடுங்கள். சொல்ல வேண்டியவை: குளத்தின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, வான்மட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி மேலே அல்லது கீழே நிற்கிறது, ஊற்று துருசிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரம், கீழே எத்தனை வீடு. இந்த ஐந்து தலைப்புகளையும் முன்கூட்டியே ஒரு மட்டையில் எழுதி, துருசுத் திறப்பு வைத்திருப்பவரின் வீட்டிலும் கமக்கார அமைப்பின் தலைவர் வீட்டிலும் தொங்கவிடுங்கள்.